முப்பத்தாறு அங்குல ரோகிணி

சகலை,

நான் அப்பவே சொன்னேன். ஜவ்வாது மலைமேல் இன்னும் பெரிய தொலைநோக்கி வரும் என்று சொன்னேன், வந்துவிட்டது. ஆம்பூர்க்காரன் தோலை அப்படியே கப்பலில் ஏற்றுவதை விட்டுவிட்டு ஷூவாகத் தைத்து அனுப்புவான் என்று சொன்னேன், தைக்கிறான். மாமியார் வீட்டுக் கூடத்தில் டிவி உட்காரும், அதற்கு முன்னால் ஊரே உட்காரும் என்றேன், உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தோல் ஒருநாள் என் கைக்கே திரும்பி வரும் என்றும் சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்காதீர்கள். சொன்னேன்.

நேற்று வந்தது. உங்கள் மகள் திமிரியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். கட்டம்போட்ட பழைய குடியாத்தம் லுங்கியில் பாய் போலச் சுருட்டிக் கட்டியிருந்தது. பிரித்தேன். மேலே சுண்ணாம்புச் சுவரின் வாசனை, அதற்கு அடியில் எங்கள் கம்பெனியில் தோல் பதனிடுகிற டிரம்மின் வாசனை. தோல் வேலை பார்ப்பவனுக்குத் தோல் நாற்றம் தெரியாது, சகலை. மூக்கு எப்போதோ கைவிட்டுவிடும். ஆனால் இது ஏறியது.

"இன்னா, அப்பளம் வூட்டுக்கு வந்துட்டுதா?" என்று சிரிக்கப் போன என் மனைவி, பாதியில் நிறுத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது எடுத்துப் படித்தால் தலைகால் புரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரிந்த கதையை நான் சொல்லும்போதெல்லாம் முதல்தடவை கேட்கிற மாதிரி உட்கார்ந்திருப்பீர்களே, அப்படியே இருங்கள்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருந்த மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டினவர் நீங்கள், இளையவளைக் கட்டினவன் நான். நீங்கள் ஆம்பூரில் அறிவியல் வாத்தியார். நான் அதே ஊரில் தோல் கம்பெனியில் அளவு மிஷின். தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போய் இறங்குவோம். உங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள். என்னைக் கிணற்றடிக்கு அனுப்புவார்கள். "சின்ன மாப்பிள்ளைக்கு சோப்பு எடுத்துக் குடு" என்று மாமியார் குரல் கொடுப்பார். நான் விடுவேனா? "இந்த வாசனை இல்லன்னா ஜெர்மன்காரன் வெறுங்கால்ல நடக்கணும், தெரியுமா அத்தே?" என்பேன். கூடத்தில் உங்கள் சிரிப்புதான் முதலில் கேட்கும்.

என் மிஷினைப் பற்றி அந்த வீட்டில் நான் என்னவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்! உண்மை இவ்வளவுதான். வரிசையாக இரும்புச் சக்கரங்கள். அடியில் தோல் போகும்போது, தோல் தொட்ட சக்கரம் எல்லாம் சுழலும். அத்தனையையும் கூட்டி, மேலே ஒரு முள் சதுர அடியைக் காட்டும். முள் சொன்னதை நான் தோலின் பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுதுவேன். பெருக்கலும் கூட்டலும் மிஷினுக்குள் இருந்தன. என் தலைக்குள் இருப்பதாக மாமனார் வீட்டில் நம்பினார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அப்படியொரு மரியாதை கிடைத்தால், போய் மறுத்துவிட்டா வருவான்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் கம்பெனிக்கே வந்தீர்கள். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தேங்கின இடங்களைத் தாண்டித் தாண்டி வந்து என் மிஷின் பக்கத்தில் நின்றீர்கள். கொஞ்சநேரம் முள்ளையே பார்த்தீர்கள்.

"சகலை, ஒரு தோலுக்கு மதிப்பு எப்படிப் போடறீங்க?"

"இது இன்னா கேள்வி? எத்தினி சதுர அடி, அடிக்கு இன்னா தரம். ரெண்டையும் பெருக்க வேண்டியதுதான்."

"நட்சத்திரத்துக்கும் அதே கணக்குதான்."

"நட்சத்திரத்தை யார் சகலை உரிச்சாங்க?"

நீங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னீர்கள். நட்சத்திரம் எவ்வளவு பெரிதோ அதைப் பொறுத்து அதன் மேல்பரப்பு, அதாவது எத்தனை சதுர அடி என்பது. எவ்வளவு சூடோ அதைப் பொறுத்து ஒவ்வொரு சதுர அடியும் விடுகிற வெளிச்சம், அதாவது தரம். இரண்டையும் பெருக்கினால் அந்த நட்சத்திரத்தின் மொத்த வெளிச்சம். "அளவு மிஷினும் தர மேஸ்திரியும் போதும். ஆகாசத்துக்கே விலை போட்டுடலாம்" என்றீர்கள்.

"எந்த நட்சத்திரம்?"

"உங்களுதுதான். ரோகிணி."

நான் நிமிர்ந்து நின்றேன். பிறந்ததிலிருந்து ரோகிணியில் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

"சூரியனைப் போல நாற்பது மடங்கு அகலம், சகலை. ஆனா சூடு கம்மி. சூரியன் ஆறாயிரம் டிகிரின்னா ரோகிணி நாலாயிரம்தான். ஆள் பெருசு, சூடு கம்மி."

"என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

"இருங்க, கணக்கு இன்னும் முடியல. சூடு கம்மியா இருந்தும் வெளிச்சம் சூரியனைவிட முந்நூறு மடங்குக்கு மேல. பெருசா இருக்கறதுனாலயே."

அதற்குள் நான் கணக்கில் குதித்துவிட்டேன். நாற்பது மடங்கு அகலம் என்றால் பரப்பும் நாற்பது மடங்கு என்றேன். நீங்கள் மிஷின் மேல் கிடந்த ஒரு தோலைக் காட்டி, "இது நீளத்துலயும் ரெண்டு மடங்கு, அகலத்துலயும் ரெண்டு மடங்கு ஆனா உங்க முள்ளு எத்தனை காட்டும்?" என்று கேட்டீர்கள். "நாலு." "அப்ப நாற்பதுக்கு?" நாற்பது நாற்பது ஆயிரத்து அறுநூறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நான் வாயைத் திறக்கும் முன்னால்.

"சூடு மூணுல ரெண்டு பங்கா? அப்ப ஆயிரத்து அறுநூறுல மூணுல ஒண்ணு போச்சு. ஆயிரத்துச் சொச்சம். முடிஞ்சுது" என்றேன். எங்கள் ஷாப்பில் தரம் குறைந்த தோலுக்கு அப்படித்தான் கழிப்போம். ஒரு தோலுக்கு ஒரே ஒரு கழிவு. அதற்கு மேல் கழித்தால் வியாபாரி சண்டைக்கு வருவான்.

"இங்க நாலு தடவை கழிக்கணும்."

"இது அநியாயமா இருக்குது."

"சூட்டோட குணமே அப்படி. கொல்லன் பட்டறையில இரும்பு சிவப்பா இருக்கறப்போ கிட்ட போய் நிக்கலாம். அதே இரும்பு வெள்ளையாப் பழுத்துட்டா கண்ணைத் திறக்க முடியாது. சூடு ஏறினது கொஞ்சம், வெளிச்சம் ஏறினது மலை. இறங்கறப்பவும் அப்படித்தான். மூணுல ஒரு பங்கு கழி. மீதியில மறுபடி மூணுல ஒண்ணு. அப்படி நாலு தடவை."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னீர்கள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

சில வருஷங்களாகவே அந்தப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் தற்காலிக வாத்தியார். அறிவியலுக்கு ஒரு இடம் நிரந்தரமாகப் போகிறது. உங்களோடு இன்னொருவரும் அதற்குக் காத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நடக்கப்போகும் கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருகிறார், அவர் சொல்வதைத்தான் நிர்வாகம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் நீங்கள் குடியாத்தம் திரும்பி மாமனாரின் தறிக் கணக்கைப் பார்க்க வேண்டியதுதான். உங்களைக் கட்டின அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான், உங்களுக்கு இல்லை. ஓர் அங்குலத்தில் ஒரு சூரியனும், நாற்பது அங்குலத்தில் ஒரு ரோகிணியும் தோலில் வட்டமாக வெட்டித் தர முடியுமா என்று கேட்டீர்கள். காகிதத்தில் செய்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றீர்கள்.

"நாற்பதுதான் பேஜார், சகலை" என்று போகும்போது சொன்னீர்கள். "ஆயிரத்து அறுநூறை மூணால வகுத்தா முடியவே மாட்டேங்குது. புள்ளிக்கு அப்புறம் ஓடிக்கிட்டே இருக்கு. பசங்க அதிகாரி முன்னாடி அங்கதான் மாட்டப்போறாங்க."

"தோலை என்கிட்ட விட்டுடுங்க. மீதியை நீங்க பார்த்துக்குங்க" என்றேன். கம்பெனியே என்னுடையது போல.

காய்ந்து முடிந்த நல்ல தோலில் கை வைக்க எனக்கு ஏது அதிகாரம்? டிரம் மேஸ்திரியிடம் போய் நின்றேன். என் பழைய தோஸ்த். டிரம்மிலிருந்து இறக்கிய குவியலில் உண்ணி கடித்த மாட்டுத்தோல் ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார். பின்பக்கம் ரிஜெக்ட் முத்திரை.

"எடுத்துக்கோ. ஆனா ஈரம் சொட்டுது பார். பலகையில ஆணி அடிச்சு இழுத்துக் கட்டி, நல்லாக் காஞ்சப்புறம் வெட்டு."

"தோலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

"உனக்குத் தெரியாதுன்னு சொல்லலப்பா. அவசரப்படாதேன்றேன்."

நான் அவசரப்பட்டேன். ஈரத்தோல் கத்திக்கு வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுக்கும், வட்டம் அழகாக வரும். அங்கேயே கயிறு பிடித்து நாற்பது அங்குலம் வெட்டினேன். சூரியனை மட்டும் காய்ந்த துண்டு ஒன்றில் வெட்டினேன். ரோகிணியை வீட்டு மொட்டைமாடியில் வெயிலில் போட்டுவிட்டு, தெருவில் போகிறவனை எல்லாம் மேலே கூப்பிட்டு, "என் நட்சத்திரம்!" என்று காட்டினேன்.

சாயங்காலம் பார்த்தபோது ஓரமெல்லாம் மேலே எழும்பியிருந்தது. இழுத்துக் கட்டாத ஈரத்தோல் காயும்போது சுருங்கும் என்பது எங்கள் ஷாப்பில் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. ஊரெல்லாம் அளவுக்காரர் என்று கூப்பிடுகிற ஆள், அளந்து பார்க்கவில்லை. சுருட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன். அவிழ்க்கும்போது தானே நேராகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்காட்சி அன்று புது பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். உங்கள் மேஜை கடைசியில் இருந்தது, தையல் வகுப்புக்குப் பக்கத்தில். அதிகாரி வந்தார், பின்னால் நிர்வாகத்தார். கரும்பலகையில் நாற்பது என்று பெரிதாக எழுதியிருந்தீர்கள். கயிற்றை அவிழ்த்து ரோகிணியை விரித்தீர்கள்.

"என்ன சார் இது, அப்பளம் மாதிரி இருக்கு?" என்றார் அதிகாரி.

கூடமே சிரித்தது. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. உங்கள் காது சிவந்ததைப் பார்த்தேன். நான்கு பக்கமும் சாக்பீஸ் டப்பாக்களை வைத்து ஓரத்தை அழுத்தினீர்கள். அந்த மனிதர் சும்மா போயிருக்கலாம். தையல் மேஜையிலிருந்து துணி அளக்கும் கெஜக்கோலை எடுத்துக் குறுக்கே வைத்தார். அப்படியே பொருந்தியது.

"ஒரு கெஜம். முப்பத்தாறு அங்குலம். போர்டுல நாற்பதுன்னு இருக்கு. எது சரி சார்?"

நீங்கள் என்னை ஒருதடவை பார்த்தீர்கள். நான் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தேன்.

என் தோல் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உங்கள் பாடம் பிழைத்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. கெஜக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு உங்கள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. கணக்கு நேராக விழும்போது உங்களுக்கு வருகிற சிரிப்பு.

"நட்சத்திரத்து மேல யாரும் கெஜக்கோல் வெச்சதில்ல சார். புத்தகத்துலயே ஏறக்குறைய நாற்பதுன்னுதான் போட்டிருக்கு. நம்ம கையில இருக்கிற ரோகிணி முப்பத்தாறு. இதுக்கே கணக்கு போட்டுடலாம்."

நாற்பதை அழித்தீர்கள். பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுத்தீர்கள். முப்பத்தாறு முப்பத்தாறு, ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு. மூன்றில் ஒரு பங்கு கழித்தால் எண்ணூற்று அறுபத்து நாலு. மறுபடி கழித்தால் ஐந்நூற்று எழுபத்தாறு. மறுபடி, முந்நூற்று எண்பத்து நாலு. நாலாவது தடவை, இருநூற்று ஐம்பத்தாறு. ஒரு பின்னம் இல்லை, ஒரு புள்ளி இல்லை. கடைசி விடையைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அந்த அப்பளம் இருநூற்று ஐம்பத்தாறு சூரியன்களின் வெளிச்சத்தோடு மேஜை மேல் கிடந்தது.

அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மீதமே விழலையே! திட்டம் போட்டு முப்பத்தாறு வெச்சிருக்கீங்க! யாரோட யோசனை இது?"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"நான்தான் சார்" என்றேன்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வந்தபிறகு மற்றதெல்லாம் வழக்கம்போல் தானாக வந்தது. தோல் கம்பெனியில் வேலை என்றேன். நாற்பது வைத்தால் வகுக்கும்போது பிள்ளைகள் திணறுவார்கள் என்பதால் வேண்டுமென்றே நாலு அங்குலம் குறைத்து வெட்டினேன் என்றேன். ஓரம் எழும்பியிருப்பதுகூட நட்சத்திரம் உருண்டை என்று காட்டத்தான் என்றேன். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிர்வாகத்தார் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா? படிச்சவங்க போர்டுல எழுதுவாங்க. உழைக்கிறவன் கையிலதான் கணக்கு இருக்கு!" என்றார். அவர் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஆள் நான்தான் போலிருக்கிறது. தோளில் கை போட்டு டீ சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேரும் நடந்தே போனோம். ரோகிணி உங்கள் கக்கத்தில்.

"கோவமா சகலை?"

"கீழருந்து பார்க்கறவங்களுக்கு எது கிட்ட இருக்கோ அதுதான் பெரிய வெளிச்சம். அது நட்சத்திரத்தோட தப்பில்ல" என்றீர்கள். கொஞ்சதூரம் போனதும், "ஆனா ஒண்ணு. தோலை ஏன் ஈரத்துல வெட்டினீங்க?" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்த இடம் மற்றவருக்குப் போயிற்று. "பாடம் நல்லாத்தான் இருந்துது, ஆனா யோசனை எல்லாம் அந்தத் தோல்காரரோடதாம். நம்ம வாத்தியாருக்குச் சொந்தமா ஒண்ணும் ஓடாது போல" என்று நிர்வாகத்தில் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது. என் மனைவி அன்று சோறு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"போய் அந்த அதிகாரிகிட்ட சொல்லிட்டு வாங்களேன். ஒரு வார்த்தைதானே?"

"போறேன்."

"எப்போ?"

"ஏற்றுமதி லோடு போயிடட்டும்."

லோடு போயிற்று. அடுத்த லோடு வந்தது. அந்த மற்ற வாத்தியார் நிர்வாகத்துக்குத் தூரத்துச் சொந்தம், எப்படியும் அவருக்குத்தான் கிடைத்திருக்கும் என்று ஒருத்தர் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்னும் அந்தப் பிடி விடவில்லை, சகலை. நெஞ்சு கனக்கிற நேரத்தில் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் தறிக்குப் போகவில்லை. திமிரிப் பக்கம் ஐந்தாவது வரைக்குமே உள்ள சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்துவிட்டீர்கள். அங்கே அ, ஆவும் வாய்ப்பாடும்தான். ரோகிணியை வீட்டில் அரிசி டிரம்முக்கு மேலே சுவரில் அடித்து வைத்திருந்தீர்கள். ஒருதடவை அதைப் பார்த்துவிட்டு, எல்லா நட்சத்திரமும் பெரிதாகத்தான் இருக்குமா என்று கேட்டேன். "சின்னதும் இருக்கு. பயங்கரச் சூடு. ஆனா பரப்பு கம்மி, அதனால வெளிச்சம் வெளிய தெரியாது" என்றீர்கள். அக்கா அரிசி அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

அதற்கும் நான் அடங்கவில்லையே! விசேஷத்துக்கு விசேஷம் கதை வளர்ந்தது. அதிகாரி எனக்குச் சால்வை போட்டார். மறு வருஷம் கலெக்டரே வந்து போட்டார். ஜவ்வாது மலைத் தொலைநோக்கிக்காரர்கள் ஜீப் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள், நான்தான் லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். குடும்பத்தில் அத்தனை பேருக்கும் தோல் காயும்போது சுருங்கினது தெரியும். அப்பளம் என்றே அதற்குப் பெயர். ஆனாலும் நான் சொல்லும்போது உங்கள் முகத்துக்காக யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். நீங்களும் பேச மாட்டீர்கள். ஒரே ஒருமுறை குறுக்கிட்டீர்கள். பெருக்கல் விடையை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். "தொண்ணூத்தெட்டு இல்ல சகலை, தொண்ணூத்தாறு" என்றீர்கள் மெதுவாக. சால்வையை விட்டுவிட்டீர்கள், கலெக்டரை விட்டுவிட்டீர்கள். எண்ணை மட்டும் விடவில்லை.

அப்புறம் உங்களை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தது மத்தியான நேரம். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா துணி அலச கீழே போயிருந்தார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கணக்கு உங்களாலதான் நேராச்சு, சகலை" என்றீர்கள். உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லார் முன்னாலும் இதைச் சொன்னேன். மாமியார்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷமாக நிமிர்ந்து பார்க்காத அக்கா அன்றைக்கு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதனால்தான் இந்தத் தோல் நேற்று இங்கே வந்தது. உங்கள் மகள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா கடைசியா உங்க பேச்சுதானே பேசினாரு சித்தப்பா, இது உங்ககிட்டதான் இருக்கணும்னு அம்மா சொல்லிச்சு."

அவள் போனபிறகு தோலைத் தரையில் குப்புறப் போட்டேன். ரிஜெக்ட் முத்திரை மங்கினாலும் இன்னும் தெரிகிறது. ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை காலம் இந்தக் கணக்கை வாயால் சொல்லியிருக்கிறேனே தவிர, கையால் போட்டதே இல்லை. முப்பத்தாறை முப்பத்தாறால் பெருக்கினேன். முதலில் தப்பு வந்தது. துடைத்துவிட்டுப் போட்டேன், மறுபடி தப்பு. பிறகு வந்தது, தொண்ணூற்றாறு. மூன்றில் ஒன்றைக் கழித்துக் கழித்து இறங்கினேன். இரண்டாவது கழிவிலேயே வேர்த்துவிட்டது. கடைசியில் இருநூற்று ஐம்பத்தாறு வந்தபோது, அந்தக் கூடத்தில் ஒரு கெஜக்கோலைப் பார்த்தபடி இதை எல்லாம் நீங்கள் எவ்வளவு வேகமாக மனசுக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறீர்கள் என்பது எனக்கு முதல்தடவையாகப் புரிந்தது. என் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியா வந்துதா?" என்று கேட்டாள். வந்தது என்றேன்.

இனிமேல் என்னிடம் இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான், சகலை. அது கையில் நின்றுவிட்டது. தோல் என்னிடம் இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை திமிரி பஸ்ஸில் ஏறி, அரிசி டிரம்முக்கு மேலே அது இருந்த ஆணியிலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டு வருகிறேன். இந்தக் கடிதத்தையும் அக்காவிடம் கொடுப்பேன். உங்கள் மகள் சத்தமாகப் படித்துக் காட்டட்டும், நான் அங்கேயே நிற்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தது உண்மை. சாத்துக்குடி உண்மை. அக்கா கீழே போயிருந்ததும் உண்மை. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுந்தால் என்ன சொல்வது என்று தெரியாமல், பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, நீங்கள் கண் திறப்பதற்குள் கிளம்பிவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடிக்கவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை ஆம்பூர் திரும்புகிற பஸ்ஸில் நான்தான் கட்டினேன்.